பாரியா

மூன்று மாதம் பிரான்சில், தூர் நகரத்தில் பிரெஞ்சு படித்துவிட்டு வந்தேன். வந்த நாளிலிருந்து தோழர்கள் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "அங்க நிம்மதியா இருந்திருப்பீங்களே அண்ணே, சாதி கீதி எதுவும் இல்லாம?" ஆமாம் என்று சொல்லிவிட்டுப் போகலாம். பாதி உண்மைதான். மீதிப் பாதியைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நான் விடுதியில் தங்கவில்லை. ஒரு வீட்டில் தங்கி, காலையும் இரவும் அந்த வீட்டுக்காரர்களோடு சாப்பிட்டு, பேசிப் பேசி மொழி பழக வேண்டும் என்பது ஏற்பாடு. எனக்கு வாய்த்தது எழுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மா. மருத்துவமனையில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவர். கணவர் இல்லை, பிள்ளைகள் தனித்தனி வீட்டில். நான் அவரை 'மதாம்' என்றே கூப்பிட்டேன். பெயர் சொல்லு, 'நீ' என்றே பேசு என்று எத்தனையோ முறை சொன்னார். என்னால் முடியவில்லை. என் தாத்தாவை ஊர்த்தெருப் பொடியன்கள் வாடா போடா என்று கூப்பிட்டதைக் கேட்டு வளர்ந்தவன் நான். வயதானவரிடம் 'நீ' என்று சொல்ல எனக்கு வாய் வராது.

முதல் இரவு நடந்ததைச் சொல்ல வேண்டும். மேசையில் என் தட்டுக்குப் பக்கத்தில், வாய் துடைக்கும் துணியைச் சுருட்டி ஒரு மர வளையத்துக்குள் செருகி வைத்திருந்தார். "இது உன்னுடையது. மற்றவர்களுடையதோடு கலந்துவிடாமல் பார்த்துக்கொள்" என்றார்.

எனக்குக் கை நின்றுவிட்டது. எங்கள் ஊர் டீக்கடையில் அப்பாவுக்கென்று ஒரு தம்ளர் உண்டு. பெஞ்சுக்கு அடியில் தனியாகக் கவிழ்த்து வைத்திருப்பார்கள். குடித்துவிட்டு அவரே கழுவி அதே இடத்தில் வைக்க வேண்டும். எட்டாயிரம் கிலோமீட்டர் தாண்டி வந்தும் தனித் துணியா? அன்றைக்கு என்ன சாப்பிட்டேன் என்றே நினைவில்லை. சாப்பிட்டு முடித்ததும் அவர் இழுப்பறையைத் திறந்து தன் வளையத்தை உள்ளே வைத்தார். அங்கே மகனுக்கு ஒன்று, மருமகளுக்கு ஒன்று, பேரனுக்குச் சிவப்புச் சாயம் அடித்த ஒன்று. ஒரே துணியை ஒரு வாரம் வைத்துத் துடைப்பார்கள். யாருடையது எது என்று தெரியத்தான் வளையம். என் தட்டும் அவர் தட்டும் ஒரே கழுவும் இயந்திரத்துக்குள் ஒன்றன்மேல் ஒன்றாகப் போயின. நான் மாடிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சிரித்தேன். சிரிப்புதானா என்று எனக்கே சந்தேகம்.

பிறகு பழகிவிட்டது. காலையில் கிண்ணத்தில் காப்பி, வெண்ணெய் தடவிய ரொட்டி. இரவில் சூப்பு, அப்புறம் ஏதாவது ஒன்று, கடைசியில் பாலாடைக்கட்டி. ரொட்டியைத் தட்டில் வைக்காமல் மேசைத் துணிமேலேயே வைப்பார்கள். சாப்பாடு ஒரு மணி நேரம் என்றால் அதில் முக்கால்வாசி பேச்சு. மேசை பெண்பால், கத்தி ஆண்பால் என்று நான் தப்பாகச் சொன்னதையெல்லாம் மதாம் அங்கேயே திருத்துவார். வகுப்பில் படித்ததைவிட அந்த மேசையில் படித்தது அதிகம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மகன் குடும்பத்தோடு வந்திருந்தார். தன் அலுவலகத்தில் நிர்வாகத்தின்மேல் புகார் கொடுத்த ஒருவரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். "மத்தியானம் அவனோடு ஒருத்தரும் உட்கார்ந்து சாப்பிடுவதில்லை. பாரியா ஆகிவிட்டான்."

எனக்குக் காது கேட்டது சரியா என்று எழுத்துக்கூட்டிச் சொல்லச் சொன்னேன். சரிதான். மகன் அலமாரியிலிருந்து அகராதியை எடுத்துப் புரட்டினார். போர்ச்சுகீசியர் வழியாக வந்த சொல், மூலம் தமிழ். "தமிழா! உங்கள் மொழி!" என்று வீடே குதூகலித்தது. மதாம் கேட்டார்: "உங்கள் மொழியில் அதற்கு என்ன அர்த்தம்?"

மேசையில் ஐந்து பேர் என்னையே பார்த்தார்கள். நான் சொன்னேன்: "பறை என்றால் ஒருவகை மேளம். அதை அடிப்பவர்கள்."

"ஆ, இசைக்கலைஞர்கள்!" என்றார் மதாம்.

நான் தலையாட்டினேன்.

அன்றிரவு தூங்கவில்லை. ஊர்ச் சாவுக்கு இனிப் பறையடிக்க மாட்டோம் என்று எங்கள் தெரு முடிவெடுத்தபோது எனக்கு ஆறு வயது. அதற்குப் பிறகு எட்டு மாதம் எங்களில் யாருக்கும் வயலில் வேலை கொடுக்கவில்லை. மாமா வீட்டு அரிசியில்தான் நாங்கள் சாப்பிட்டோம். அந்தப் பறையை நான் ஒரே வார்த்தையில் கச்சேரி வாத்தியமாக்கிவிட்டேன். மேடையில் மைக் பிடித்து அரை மணி நேரம் முழங்குகிறவனுக்கு, நாலு நல்ல மனிதர்கள் முன்னால் "அது என் சாதியின் பெயர்" என்று சொல்லத் தைரியம் வரவில்லை. சொன்னால் நாளைக்கு என்னைப் பரிதாபமாகப் பார்ப்பார்களோ என்ற பயம். இதைச் சொல்ல இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

வகுப்பில் ஆளுக்கொரு தலைப்பில் ஐந்து நிமிடம் பேச வேண்டியிருந்தது. தூர் நகரத்துக்கு ஒரு பெருமை உண்டு. 1920 டிசம்பரில் பிரெஞ்சு சோசலிஸ்டுகளின் மாநாடு இங்கேதான் நடந்து, கட்சி உடைந்து, பிரான்சின் கம்யூனிஸ்ட் கட்சி பிறந்தது. அதில் எழுந்து நின்று காலனி மக்களுக்காகப் பேசிய ஒல்லியான வியட்நாம் இளைஞர்தான் பிற்பாடு ஹோ சி மின். மாநாட்டுப் புகைப்படம் நூலகத்தில் கிடைத்தது. தேடிக்கொண்டே போனால், 1922இல் பாரிசில் அவரும் மற்றக் காலனிகளைச் சேர்ந்த தோழர்களும் சேர்ந்து தொடங்கிய பத்திரிகையின் பெயர் 'லெ பாரியா'. அதற்கும் முன்னால், 1838இல், ஃப்ளோரா திரிஸ்தான் என்ற பெண் தன் பயண நூலின் தலைப்பிலேயே தன்னைப் பாரியா என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். எங்கள் பெயரை யார் யாரோ எடுத்துக் கொடியாகப் பிடித்திருக்கிறார்கள். ஆனால் சென்னையில் இரட்டைமலை சீனிவாசன் 'பறையன்' என்றே பெயர் வைத்துப் பத்திரிகை தொடங்கியது 1893இல். ஹோ சி மின்னுக்கு 29 வருடம் முன்னால்.

இதைத்தான் வகுப்பில் பேசினேன். கடைசியில், இது என் சாதியின் பெயர் என்று உடைந்த பிரெஞ்சில் சொல்லி உட்கார்ந்தேன். தொலைபேசியில் பேச்சுத்தொனியைக் கேட்டதுமே "அறை போய்விட்டது" என்று சொல்லிச் சொல்லி மூன்று வாரம் வீடு கிடைக்காமல் அலைந்த கொங்கோ நண்பன்தான் முதலில் கை தட்டினான். இந்தியாவிலிருந்து வந்த இன்னொரு மாணவர் இடைவேளையில் வந்து, "இதெல்லாம் இங்க வந்து சொல்லணுமா பிரதர்?" என்றார். அதற்கு முந்தின வாரம்தான் என்னிடம் அப்பா பெயர் முழுசாக என்ன என்று கேட்டிருந்தார்.

அன்றிரவு மதாமிடமும் சொன்னேன். டீக்கடைத் தம்ளர், எட்டு மாதம், முதல் இரவு வளையம், எல்லாம். அவர் சூப்பைத் தொடாமல் கேட்டார். மன்னிப்புக் கேட்டார். நீங்கள் கேட்க ஒன்றுமில்லை என்றேன். "என் வாழ்நாள் முழுக்க அந்தச் சொல்லைச் சொல்லியிருக்கிறேன். அதற்குள் ஆட்கள் இருப்பார்கள் என்று நினைத்ததே இல்லை" என்றார்.

ஊருக்குத் திரும்ப நாலு நாள் இருந்தபோது, தொலைக்காட்சியில் யாரோ ஓர் அரசியல்வாதியைப் பார்த்து, "இவன் கட்சிக்குள்ளேயே ஒரு பாரி..." என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். வேறு சொல் தேடினார். உடனே கிடைக்கவில்லை. நான் ரொட்டியை எடுத்து அவர் பக்கம் நீட்டினேன்.