முதுகில் எழுதிய தோட்டம்

மாசி மகத்தன்று மலாக்கா செங் சன்னாசிமலைக்குப் போகிறவர்கள் சாமியைப் பார்க்கிறார்கள். எனக்குக் கண்ணில் படுவதெல்லாம் முதுகுகள். நெரிசல் அப்படி, முன்னால் நிற்பவரின் முதுகைப் படித்துக்கொண்டேதான் நகர வேண்டியிருக்கிறது. காவடிக் குழு, உறுமி மேளக் குழு, தண்ணீர்ப் பந்தல் குழு என்று ஆளாளுக்கு ஒரு டி-சட்டை. வேலும் மயிலும் சிங்க முகமும் போட்டு, கீழே குழுவின் பெயர், அதற்கும் கீழே பொடி எழுத்தில் ஒரு தோட்டத்தின் பெயர். பல சட்டைகளில் இருக்கும் தோட்டம் இப்போது தோட்டமாக இல்லை. லயத்தை இடித்துச் செம்பனை நட்டாயிற்று, இல்லையென்றால் தாமான் வந்தாயிற்று. பிள்ளைகள் மாலிம் ஜெயாவிலும் பத்து பிரண்டாமிலும் வாடகைக்கு இருக்கிறார்கள். தான் சாய் யான் என்பவர் 1896-இல் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் நட்டு நாட்டுக்கே வழிகாட்டிய மாநிலம் இது. நம் ஆட்கள் பால்வெட்டிய எத்தனையோ இடங்களுக்கு இன்று மிஞ்சிய பெயர்ப்பலகை இந்தச் சட்டைதான்.

இதே பிள்ளைகள் மற்ற எதையும் இப்படி வாங்குவதில்லை. செருப்பு, கைப்பேசி உறை, தீபாவளி ஜிப்பா எல்லாமே ஷோப்பி, லஸாடா, டிக்டாக் கடைதான். பதினொன்றாம் மாதம் பதினொன்றாம் தேதி வவுச்சருக்காக நள்ளிரவு வரை விழித்திருப்பார்கள். ஐம்பது காசு வித்தியாசத்துக்கு ஐந்து கடையை அலசுவார்கள். பத்து, பன்னிரண்டு வெள்ளிக்கு நல்ல பருத்திச் சட்டை வீட்டு வாசலுக்கே வரும் காலத்தில், குழுச் சட்டைக்கு மட்டும் முப்பது வெள்ளிக்கு மேல் போனாலும் பேரம் பேசாமல் கொடுத்துவிடுகிறார்கள். அங்கே மட்டும் கணக்கு எங்கே போகிறது?

அமெரிக்காவில் ஒரு மலிவு விலைக் கடைக்கு இந்தச் சூட்சுமம் முன்பே பிடிபட்டிருக்கிறது. மேட் ரட்லெட்ஜ் என்பவர் 2004-இல் டெக்சஸ் மாநிலத்தில், டல்லஸை ஒட்டிய கேரல்டனில், வூட் என்ற இணையக் கடையைத் தொடங்கினார். மொத்த வியாபாரம் பார்த்தவர். விற்காமல் தேங்குகிற மின்சாதனங்களைப் பற்றி அவருக்குத் தெரியாதது இல்லை. ஒரு நாளைக்கு ஒரே ஒரு பொருள், அடிமாட்டு விலை, நள்ளிரவில் அடுத்த பொருள். தீர்ந்துவிட்டால் மறுநாள் வரைக்கும் காத்திருக்க வேண்டியதுதான். 2007-இல் அதே கடை டி-சட்டை விற்க வந்தது. அதிலும் நாளுக்கு ஒரு சட்டை, ஒரு புதுப் படம். ஓவியர்களுக்கு வாராவாரம் போட்டி வைத்தார்கள். வாங்குகிறவர்களே ஓட்டுப் போட்டார்கள். ஜெயித்த படம் அச்சேறியது, வரைந்தவருக்குப் பணம் போனது. விற்பனையில் பின்தங்கிய படங்களைப் பட்டியலிலிருந்து தூக்கினார்கள். இந்த ஓட்டு முறை புதிதல்ல. சிகாகோவில் 2000-த்தில் தொடங்கிய திரெட்லெஸ் அதைச் செய்து காட்டியிருந்தது. மீந்த சரக்கை விற்றுப் பிழைத்த ஒரு கடை அதில் இறங்கியதுதான் வேடிக்கை.

வேடிக்கை என்றாலும் விவரமான வேலை. மலிவாக விற்கிறவருக்கு ஓயாத ஒரு கவலை உண்டு: நாளைக்கே இன்னொருவர் இதே சாமானை ஒரு வெள்ளி குறைத்துப் போட்டால் என்ன செய்வது? வேறெங்கும் கிடைக்காத படம் போட்ட சட்டைக்கு அந்தக் கவலை இல்லை. பக்கத்துக் கடையில் விலை கேட்க முடியாது. விலையை ஒப்பிடச் சொல்லியே வளர்ந்த கடை, ஒப்பிட வழியில்லாத சரக்கைத் தேடிக்கொண்டது. 2010-இல் அமேசான் வூட்டை வாங்கிப் போட்டது.

படத்துக்காகத் துணி வாங்குவது மலாக்காவுக்குப் பழைய சமாச்சாரம். செஜாரா மெலாயு என்ற பழைய மலாய் நூலில் ஒரு கதை வருகிறது. சுல்தான் மஹ்முட், ஹங் நாடிம் என்பவரை நம் தென்னிந்தியக் கடற்கரைக்கு அனுப்புகிறார். நாற்பது விதத் துணி வேண்டும், ஒவ்வொன்றிலும் நாற்பது விதப் பூ வேண்டும் என்பது உத்தரவு. அங்கே ஓவியர்கள் எத்தனையோ பூ வரைந்து காட்டுகிறார்கள். ஹங் நாடிமுக்கு ஒன்றும் பிடிக்கவில்லை. கடைசியில் தாமே உட்கார்ந்து வரைந்துகொடுத்து, அதன்படி துணி செய்விக்கிறார். திரும்பும்போது கப்பல் மூழ்குகிறது. நாலே துணிதான் கரை சேர்கிறது, சுல்தானுக்குக் கோபம் வருகிறது. நடந்ததோ, கட்டிச் சொன்னதோ, அந்தக் காலத்து மலாக்காக்காரர்களுக்குத் துணியில் இருந்த ருசி இதில் தெரிகிறது. 1512 முதல் 1515 வரை இங்கே இருந்த போர்த்துக்கீசியர் தொமே பிரேஸ், பழவேற்காட்டிலிருந்து துணி கொண்டுவந்த நம் வணிகர்களைப் பற்றி விரிவாக எழுதி வைத்திருக்கிறார். அவர்கள் கப்பலில் ஏற்றியதும் இந்தத் துறைமுகத்தின் ரசனைக்கு ஏற்ற சரக்குதான்.

நம் ஆட்கள் தோட்டத்துக்கு வந்தபோது அந்த ருசிக்கு இடமில்லாமல் போனது. சம்பள நாளில் துணிமூட்டையோடு வந்தவர் விரித்ததுதான் துணி, சொன்னதுதான் விலை. ஒரே கட்டிலிருந்து கிழித்த சீத்தைத் துணியில் லயம் முழுக்க ஒரே பூவில் பாவாடை கட்டித் திரிந்த கதையை எந்தப் பாட்டியைக் கேட்டாலும் சொல்வார். பிறகு பாசார் மாலாம் வந்தது. ஐந்து கடையில் ஒரே சட்டை தொங்கியது. பேரம் பேசக் கற்றுக்கொண்டோம். ஷோப்பி அந்தப் படிப்பில் பட்டமே கொடுத்துவிட்டது.

குழுச் சட்டை அடிக்கும் இடத்தில் நின்று பார்த்தால் கணக்கு வேறு மாதிரி ஓடுகிறது. முன்பெல்லாம் சில்க் ஸ்கிரீன். நிறத்துக்கு ஒரு சட்டம் கட்ட வேண்டும், அதனால் பத்து இருபது சட்டைக்குக் கட்டுப்படியாகாது. இப்போது டி.டி.எஃப். படத்தைப் பிளாஸ்டிக் தாளில் அச்சடித்து, ஈரம் காயுமுன் பசைப்பொடி தூவி, உதறி, சூடு காட்டி உருக்குகிறார்கள். பிறகு சட்டைமேல் கவிழ்த்து இயந்திரத்தால் அழுத்தி, ஆறவிட்டுத் தாளை உரித்தால் மயில் சட்டையில் உட்கார்ந்திருக்கும். ஒரே ஒரு சட்டைகூட அடித்துத் தருவார்கள். தொல்லை எல்லாம் தமிழில்தான். அச்சடிக்கும் தம்பிக்குத் தமிழ் படிக்க வராது. ‘வேல்’ என்று அனுப்பினால் கணினியில் கொம்பு தனியே விலகி நிற்கும், சில நேரம் புள்ளியும் காணாமல் போகும். ஐம்பது சட்டையும் அடித்து முடித்த பிறகு யாராவது ஒரு அக்கா கண்டுபிடிப்பார். “எழுத்தைப் படமா மாத்தி அனுப்புங்கண்ணே” என்பதுதான் அடிபட்டவர்கள் அடுத்தவர்களுக்குச் சொல்லும் முதல் பாடம்.

ரஜினிகாந்த் 2015-இல் ‘கபாலி’ படப்பிடிப்புக்கு மலாக்கா வந்ததும், அடுத்த ஆண்டு படம் வெளியானதும் ஊருக்கே தெரியும். கோட்டுப் போட்ட ரஜினி படம் எல்லார் சட்டையிலும் ஏறியது. எல்லாரும் விற்றதால் அதிலும் விலையைத்தான் பார்த்தோம். நன்றாக விற்கும் எந்தச் சட்டைப் படமும் இணையத்தில் களவு போகிறது. குழுச் சட்டையை மட்டும் யாரும் திருடுவதில்லை. இடிந்துபோன ஒரு தோட்டத்தின் பெயரை முதுகில் போட்டுக்கொள்ள வெளியாள் யாருக்கு ஆசை வரும்? ஐம்பது பேர் மட்டுமே வாங்குவார்கள், அந்த ஐம்பது பேரும் கட்டாயம் வாங்குவார்கள். எந்த மலிவுக் கடைக்கும் இப்படி ஒரு சந்தை அமையாது.

டெக்சஸ்காரரிடம் நாம் கற்றுக்கொள்ளாதது ஒன்று இருக்கிறது. துணிக்குப் பணம், அச்சுக்குப் பணம், இரண்டு எக்ஸ்எல்லுக்கு மேல் போனால் கூடுதல் பணம் எல்லாம் ஒழுங்காகக் கொடுத்துவிடுவோம். மயிலை வரைந்தவர் யாரோ ஒருவரின் அக்காள் மகன். இரண்டு ராத்திரி கண்விழித்து, தலைவர் சொன்னபடி தோகையை நாலு தடவை மாற்றிக் கொடுத்திருப்பான். அவனுக்குக் கூலி ஒரு சட்டை இலவசம். அதுவும் பெரும்பாலும் எல்லாரும் எடுத்தது போக மிஞ்சிய அளவில்.