துறைமுகக் குமாஸ்தாவை எதைக் கொண்டு நம்பினார்கள்?

கணித மேதை ராமானுஜன் கதையைச் சொல்கிறவர்கள் அவருடைய குலதெய்வமான நாமகிரித் தாயாரிடம் வந்து சேர்ந்ததும் கேள்வி கேட்பதை நிறுத்திவிடுகிறார்கள். கனவில் சூத்திரம் வந்தது, கேம்பிரிட்ஜ் கணிதர் ஹார்டி பார்த்தார், வியந்தார், இவர் கப்பல் ஏறினார் என்று கதை முடிந்துவிடும். சூத்திரம் எங்கிருந்து வந்தது என்பதில் எனக்கு அவ்வளவு அக்கறை இல்லை. எனக்கு உறுத்துவது வேறு. ராயபுரத்துக்குத் தெற்கே கடற்கரையோரம் இருந்த சென்னை போர்ட் டிரஸ்ட் அலுவலகத்தில் 1912 மார்ச் 1 அன்று கணக்குப் பிரிவில் சேர்ந்தவர், கல்லூரிப் படிப்பை முடிக்காத ஒரு குமாஸ்தா. அவர் நிரூபணம் இல்லாமல் எழுதி அனுப்பிய முடிவுகளை அடுத்த ஆண்டே பெரிய கணிதர்கள் எதைக் கொண்டு நம்பினார்கள்? கனவுக் கதை இதற்குப் பதில் சொல்வதில்லை. அன்றைய கடிதங்களைத்தான் புரட்ட வேண்டும்.

புரட்டினால் முதல் வரியிலேயே தடுக்குகிறது. ஹார்டிக்கு எழுதிய 1913 ஜனவரி 16 தேதியிட்ட கடிதத்தில், தனக்குச் சுமார் 23 வயது என்றும், ஆண்டுச் சம்பளம் 20 பவுண்டு என்றும் ராமானுஜன் எழுதுகிறார். பிறந்தது 1887 டிசம்பர் 22. அப்படியானால் வயது 25. சம்பளம் மாதம் 30 ரூபாய் என்றுதான் வரலாறு சொல்கிறது, வருடத்துக்கு 360. அன்று ஒரு பவுண்டுக்கு 15 ரூபாய். கணக்குப்படி 24 பவுண்டு வரவேண்டும். மாதம் 25 ரூபாய் என்று வைத்துக்கொண்டால்தான் 20 சரியாக வருகிறது. எண்களோடு பழகிய ஒரு கணக்குக் குமாஸ்தா தன் வயதில் இரண்டையும் சம்பளத்தில் நான்கையும் விட்டுவிடுவாரா? குத்துமதிப்பாக எழுதினாரா, இரக்கம் தேட எழுதினாரா என்று எவ்வளவு தோண்டினாலும் இந்த வழி முட்டுச்சந்தில்தான் நிற்கிறது. ஆனால் அந்த முட்டுச்சந்திலேயே ஒரு விஷயம் பிடிபடுகிறது. இந்த இரண்டு எண்களையும் கேம்பிரிட்ஜில் உட்கார்ந்திருந்த ஹார்டி சரிபார்த்திருக்க முடியாது. சரிபார்க்க வேண்டிய தேவையும் இல்லை. ஆளைப் பற்றிய தகவல் பிசகினாலும், அதற்குக் கீழே இருந்த சூத்திரங்கள் ஆளை நம்பி நிற்கவில்லை.

ஆளையும் சூத்திரத்தையும் பிரித்துப் பார்க்கும் வழக்கம் துறைமுக அலுவலகத்திலேயே இருந்தது என்பதற்குச் சான்று தேடினால் பி.கே. சீனிவாசனிடம்தான் போக வேண்டும். முத்தியால்பேட்டை உயர்நிலைப் பள்ளியின் கணித ஆசிரியரான அவர், ராமானுஜனை நேரில் அறிந்தவர்களின் நினைவுகளையும் கடிதங்களையும் விடாப்பிடியாகத் திரட்டி 1968ல் நூலாக்கினார். 1993ல் ராயபுரத்தில் தொடங்கிய ராமானுஜன் அருங்காட்சியகத்துக்கும் அவரே காரணகர்த்தா. அந்த நினைவுகளில் தலைமைக் கணக்கர் எஸ். நாராயண ஐயரின் வீடு வருகிறது. கணிதம் கற்பித்துவிட்டுத் துறைமுக வேலைக்கு வந்தவர் அவர். இரவு நெடுநேரம் இருவரும் ஆளுக்கொரு பெரிய சிலேட்டோடு உட்கார்வார்கள். பத்துப் படிகளை இரண்டாகச் சுருக்கும் ராமானுஜனிடம், இடையில் இருப்பதையெல்லாம் எழுதிக் காட்டச் சொல்லி நாராயண ஐயர் வற்புறுத்துவார். மேதை என்று அவர் ஒப்புக்கொண்டுவிட்டார். ஆனாலும் படிகளைக் கேட்பதை விடவில்லை.

ஆள் மேதையா, சூத்திரம் சரியா என்ற இரண்டு கேள்விகளும் எப்படிக் குழம்பும் என்பதை லண்டன் பேராசிரியர் ஹில் எழுதிய பதில் காட்டுகிறது. 1912 டிசம்பரில், 1+2+3 என்று முடிவில்லாமல் கூட்டினால் கழித்தல் பன்னிரண்டில் ஒன்று வரும் என்ற முடிவைப் பார்த்துவிட்டு, விரி தொடர்களின் குழியில் இவர் விழுந்துவிட்டார் என்றார் ஹில். அந்த முடிவுக்கு வேறொரு முறையான பொருள் உண்டு. ஹார்டி வேறு விதமாக எடை போட்டார். சில முடிவுகள் முன்பே தெரிந்தவை, சிலவற்றை முயன்றால் நிரூபிக்கலாம், சில அவரையே திணறடித்தன. இப்படிப்பட்டவற்றைக் கற்பனையாகப் புனையும் திறமை உள்ள மோசடிக்காரன், பெரிய கணித மேதையைவிட அரிதானவன் என்பதே அவர் வாதம். கலப்பில்லாத நிகழ்தகவு வாதம் இது. நூற்றுக்கு மேற்பட்ட முடிவுகளை அள்ளி வீசினால் சில குருட்டாம்போக்கில் பலிக்காதா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி, அதை நன்றாக அறிந்தவர் ஒருவர் 1913 பிப்ரவரியில் சென்னைக்கே வந்தார். வானிலைத் துறைத் தலைவர் கில்பர்ட் வாக்கர், பருவமழைக்கு அறிகுறி தேடியவர். பல தொடர்புகளைச் சோதித்து மிகச் சிறந்ததை மட்டும் பொறுக்கினால் தற்செயலே உண்மைபோலத் தெரியும் என்று 1914ல் எச்சரித்தவர். மழைக் கணக்கில் அந்த ஆபத்து பெரிது. ஒரு தொடர் பின்னத்தின் மதிப்பு பல தசம இலக்கம்வரை ஒத்துப்போவது அப்படிக் குருட்டாம்போக்கில் நடப்பதல்ல. துறைமுகத் தலைவர் பிரான்சிஸ் ஸ்பிரிங் காட்டிய ஏடுகளைப் பார்த்த வாக்கர், கேம்பிரிட்ஜ் ஃபெல்லோ ஒருவருக்கு ஈடான தனித்தன்மை இது என்று பல்கலைக்கழகத்துக்கு எழுதினார். முடிவுகளைப் பொதுவாகச் செல்லுபடியாகும் என்று ஏற்கத் தேவையான முழுமையும் துல்லியமும் அதில் இல்லை என்பதையும் சேர்த்தே எழுதினார். மாதம் 75 ரூபாய் உதவித்தொகை கிடைக்க முதல் பாதி போதுமானதாக இருந்தது.

அப்படியானால் நிரூபணம் வெறும் சடங்கா? அதே ஜனவரிக் கடிதம் இல்லை என்கிறது. பகா எண்களின் எண்ணிக்கையைப் பிசிறில்லாமல் சொல்லும் வழி தன்னிடம் இருப்பதாக ராமானுஜன் எழுதியிருந்தார். 10 லட்சத்துக்குள் இருக்கும் பகா எண்கள் 78,498. காஸ் வழியில் வந்த தொகையீட்டுச் சூத்திரம் 78,628 என்று கூட்டிச் சொல்லும். ராமானுஜனின் தொடர் 78,527 தருகிறது, வியக்கத்தக்க நெருக்கம். ஆனால் நெருக்கம் வேறு, துல்லியம் வேறு. 100 கோடிக்குப் போனால் அதே தொடர் 79 குறைத்துச் சொல்கிறது. பழைய சூத்திரமோ கணக்கிட்டுப் பார்த்த ஒவ்வோர் இடத்திலும் கூட்டியே சொன்னது. எந்தப் பந்தயக்காரனும் அதன்மேல் கண்ணை மூடிக்கொண்டு பணம் கட்டியிருப்பான். 1914ல் கணிதர் லிட்டில்வுட், இந்த நிலை தலைகீழாவது முடிவற்ற முறை நடக்கும் என்று நிரூபித்தார். அப்படி மாறுவது உறுதியாகத் தெரிந்த மிகச் சிறிய வட்டாரமே 317 இலக்க எண்களில்தான் இருக்கிறது. கோடிக்கணக்கான சாட்சிகள் ஒரே குரலில் சொன்னதை ஒரு நிரூபணம் தள்ளுபடி செய்தது.

நான் போன வழியை மாற்றியது இதற்குப் பிறகு நடந்தது. பிசிறே இல்லை என்று உரிமை கொண்டாடிய ராமானுஜன், 1917ல் ஹார்டியோடு சேர்ந்து பிசிறைப் பற்றியே ஒரு தேற்றம் எழுதினார். ஓர் எண்ணுக்கு எத்தனை வெவ்வேறு பகாக் காரணிகள் என்பது எண்ணுக்கு எண் தாறுமாறாக மாறும். ஆனாலும் மிகப் பெரும்பாலான எண்களில் அது அந்த எண்ணுடைய மடக்கையின் மடக்கையை ஒட்டியே இருக்கும். 1,000 கோடி அளவிலான எண்களுக்குச் சுமார் மூன்று. 1934ல் டூரான் இதை எளிமையாக்கினார். 1939ல் எர்டோஷும் காட்ஸும் அந்தச் சிதறல் நிகழ்தகவின் மணி வளைவையே பின்பற்றுகிறது என்று காட்டினார்கள். எங்கே தற்செயல் போன்ற ஒழுங்கு இருக்கிறது என்பதையும் ஊகமாக விடாமல் நிரூபித்தே சொல்ல வேண்டியிருந்தது. ஒருவருக்கு வாய்ப்புக் கொடுக்க நிகழ்தகவு போதும். ஸ்பிரிங்கும் வாக்கரும் ஹார்டியும் அதைத் தாராளமாகக் கொடுத்தார்கள். அவர் சொன்னதை உண்மை என்று ஏற்க, நாராயண ஐயர் கேட்ட அந்த இடைப்படிகள் வேண்டும். கனவுக் கதை இரண்டுக்கும் ஒரே விலை வைக்கிறது. அதில்தான் எனக்கு வழக்கு.