தானே அணையும் கணினி

கரும்புக்கடையிலுள்ள எங்கள் இல்லத்தில் மேசைக் கணினி நாள்தோறும் நான்கைந்து முறை தானே அணைந்தது. மறைந்த அத்தாவின் கிராஅத் ஒலிப்பதிவுகள் அதில்தான் இருந்தன. முதல் வேலையாக அவற்றைப் பென்டிரைவில் பிரதியெடுத்தோம்.

பழியோ இளையவனின் விளையாட்டுகள் மீது விழுந்தது. விண்டோஸ் தொடங்குமுன் வரும் பயாஸ் திரையிலேயே கணினியை நிறுத்திவைத்தோம், அங்கும் அணைந்தது. விளையாட்டோ வைரஸோ அங்கே இயங்குவதில்லை. பையன் முகம் தெளிந்தது. அத்திரை காட்டிய பிராசசர் வெப்பமும் 45 டிகிரிதான். ஆகவே கோடையையும் குறைசொல்ல இயலவில்லை.

2012இன் நீண்ட மின்வெட்டுகளைக் கண்ட பழைய எஸ்எம்பிஎஸ் மீது ஐயம் திரும்பியது. (அதனைத் திறந்து பார்க்கலாகாது; இணைப்பை நீக்கிய பின்னும் உள்ளே மின்னேற்றம் தங்கியிருக்கும்.) அண்டை வீட்டாரிடம் இரவல் பெற்ற ஒன்றை மாட்டினோம். அஸரிலிருந்து இஷாவரை அத்தாவின் ஓதல் இடையறாது ஒலித்தது. மறுநாளே புதியது வாங்கிவிட்டோம்.