தூண்டிற்கோல் பயணம்



மனிதர் பயணம் செய்யும்போது தம்மைத் தாமே காத்துக்கொள்வர். மழை பெய்தால் ஒதுங்குவர். கூட்டம் நெருக்கினால் விலகி நிற்பர். பொருள்களுக்கு அத்தகைய ஆற்றல் இல்லை. அனுப்புகின்றவர் கட்டிக் கொடுத்த காப்பு ஒன்றே வழி முழுவதும் அவற்றுக்குத் துணை. ஆகவே, ஒரு பொருளைச் செம்மையாகப் பொதிந்து அனுப்புவதும் ஒரு கல்வியே ஆகும். இதனைத் தூண்டிற்கோல் ஒன்றை எடுத்துக்காட்டாகக் கொண்டு இங்கு விளக்க விழைகிறோம்.

பள்ளி ஆண்டுமலரில் தூண்டிற்கோலைப் பற்றி எழுதலாமா என்று எவரும் வியக்க வேண்டா. நம் தோட்டத்துக் குட்டையிலும் வடிகாலிலும் தூண்டில் போட்டு விராலும் கெளுத்தியும் பிடிக்காத வீடு எது? பிள்ளைகள் வேலை தேடி வெளியூர் சென்ற பின்னர், அவர்களுடைய கோல்கள் பல வீடுகளில் கூரை விட்டத்தில் செருகப்பட்டுத் தூசு படிந்து கிடக்கின்றன. என்றேனும் ஒரு நாள், “அதை எனக்கு அனுப்பிவையுங்கள்” என்று அவர்கள் கேட்பது இயல்பே.

நம் பள்ளியின் புல்வெட்டும் பணியைப் பல்லாண்டுகள் பார்த்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவருக்கும் அப்படியொரு வேண்டுகோள் வந்தது. அவருடைய பேரன் சரவாக்கில் பிந்துலு நகரில் வேலை பார்க்கிறான். காலஞ்சென்ற தன் தந்தையின் தூண்டிற்கோல் தனக்கு வேண்டும் என்று அவன் கேட்டிருந்தான். பெரியவர் கோலைத் துணியில் சுற்றி நம்மிடம் கொண்டுவந்தார். அதே லயத்தில் முன்பு ஒருவர் செய்தித்தாளில் சுற்றி அனுப்பிய கோல், நுனி முறிந்து போய்ச் சேர்ந்ததை அவர் அறிந்திருந்தார். “சார், உடைந்தால் கடையில் வேறு கோல் வாங்கலாம். ஆனால் அது என் மகன் பிடித்த கோல் ஆகாது அல்லவா?” என்றார். கையில் முப்பது வெள்ளி வைத்திருந்தார். அதற்கு மேல் செலவு செய்ய அவரால் இயலாது என்பதை நாம் அறிவோம். பொருளும் பழுதுபடக் கூடாது. பணமும் மிகுதியாகச் செலவாகக் கூடாது. ஐந்தாம் ஆண்டு மாணவர் சிலரையும் உடன் வைத்துக்கொண்டு, பள்ளி முடிந்த பிறகு வேலையைத் தொடங்கினோம்.

முதலில் கோலின் தன்மையை அறிதல் வேண்டும். முற்காலத்தில் மூங்கிற் கோல்களே வழக்கில் இருந்தன. பின்னர்க் கண்ணாடி இழையால் ஆன கோல்களும், 1970-களில் கரியிழைக் கோல்களும் சந்தைக்கு வந்தன. கண்ணாடி இழைக் கோல் ஓரளவு அடி தாங்கும். கரியிழைக் கோல் மிகவும் இலேசானது. மீன் இழுக்கும்போது அழகாக வளைந்து கொடுக்கும். ஆனால், பக்கவாட்டில் விழும் அடியை அது தாங்குவதில்லை. கண்ணுக்குப் புலப்படாத சிறு காயம் பட்டாலும், பின்னொரு நாள் பெரிய மீன் இழுக்கும்போது அவ்விடத்திலேயே முறிந்துவிடும். கோலின் நுனியோ ஈர்க்குச்சி போன்று மெல்லியது. நரம்பு ஓடும் வளையங்களும் எளிதில் நசுங்கக் கூடியவை. ஆகவே, தடித்த கைப்பிடியைப் பார்த்துப் பொதிவு செய்தல் தகாது; மெல்லிய நுனியைப் பார்த்தே செய்தல் வேண்டும்.

அடுத்தது கட்டணக் கணக்கு. பொட்டலத்தின் எடைக்கு மட்டுமே பணம் வாங்குவர் என்று பலர் எண்ணுகின்றனர். விரைவு அஞ்சல் நிறுவனங்கள் அது அடைத்துக்கொள்ளும் இடத்தையும் கணக்கில் கொள்கின்றன. நீளம், அகலம், உயரம் ஆகிய மூன்றையும் சென்டிமீட்டரில் அளந்து பெருக்கி, வரும் தொகையைச் சில நிறுவனங்கள் 5000-ஆலும் சில நிறுவனங்கள் 6000-ஆலும் வகுக்கின்றன. விடை கிலோகிராமில் அமையும். இதுவும் உண்மையான எடையும் ஆகிய இரண்டில் எது மிகுதியோ அதற்கே கட்டணம் விதிப்பர்.

பெரியவரின் கோல் ஆறு அடி நீளமுடையது. இரு துண்டுகளாகக் கழற்றக் கூடியது. ஆகவே ஒரு மீட்டர் நீளமுள்ள உறை போதுமானதாயிற்று. மாணவர்கள் கரும்பலகையில் கணக்கிட்டனர். 100 சென்டிமீட்டர் நீளமும், 20 சென்டிமீட்டர் அகலமும், 20 சென்டிமீட்டர் உயரமும் உடைய அட்டைப்பெட்டியின் கன அளவு 40,000 கன சென்டிமீட்டர். அதனை 5000-ஆல் வகுத்தால் 8 கிலோ. அதே நீளத்தில் 8 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள குழாயின் கன அளவை, 8-க்கு 8 பெட்டியாகவே கொண்டு கணக்கிட்டால் 6,400 கன சென்டிமீட்டர், வகுத்தால் 1.28 கிலோ. உள்ளே வைக்கும் கோல் ஒன்றே. கட்டணத்திற்குரிய எடை மட்டும் ஆறு மடங்குக்கு மேல் வேறுபடுகிறது. “சார், வெறுங்காற்றுக்கா பணம் கட்டுவது?” என்று ஒரு மாணவி வியந்தாள். பாடநூலில் படித்த கன அளவு பெரியவரின் பணத்தைக் காத்ததை அன்று அவர்கள் நேரில் கண்டனர்.

குழாய்க்கு எங்கே போவது? புதிய பி.வி.சி. குழாய் உறுதியானது, ஆயினும் விலையும் எடையும் கூடுதல். தரைவிரிப்பு விற்கும் கடைகளில் விரிப்பைச் சுற்றிவரும் தடித்த அட்டைக் குழாய்களைப் பெரும்பாலும் எறிந்துவிடுவர். பட்டணத்துக் கடையொன்றில் கேட்டோம், இலவசமாகவே கொடுத்தனர். கத்தியால் கீறி வேண்டிய அளவுக்கு அறுத்துக்கொண்டோம். குழாயைக் கையால் அழுத்தினால் நசுங்கக் கூடாது. நசுங்குமாயின் அதனை விடுத்து வேறு தேடுவதே நன்று.

இனிப் பொதியும் முறையை வரிசையாகக் கூறுவோம்.

நரம்பு சுற்றிய ரீலைக் கோலிலிருந்து கழற்றித் தனியே சிறு பெட்டியில் அனுப்புதல் வேண்டும். தூண்டில் முள்ளையும் ஈயக்குண்டையும் அகற்றிவிட வேண்டும். அவை கோலுடன் சேர்ந்து குலுங்கினால் கோலைக் கீறிவிடும். பிரிப்பவர் கையையும் குத்தும்.

பின்னர், கோலின் இரு துண்டுகளையும் மெல்லிய துணியால் தனித்தனியே சுற்ற வேண்டும். வளையங்கள் ஒன்றோடொன்று உரசாதிருத்தல் முக்கியம். இரண்டையும் ஒன்றாக வைத்து, அவற்றைவிடச் சற்று நீளமான மூங்கிற் பிளாச்சு ஒன்றோடு மூன்று நான்கு இடங்களில் துணிநாடாவால் கட்ட வேண்டும். இறுக்கிக் கட்டலாகாது. நுனிக்கு அப்பாலும் பிளாச்சு இரண்டு விரற்கடை நீண்டிருந்தால், இடிபடுவது பிளாச்சேயன்றி நுனியன்று. நம் தோட்டத்தில் மூங்கிலுக்குப் பஞ்சமில்லை. அதற்கெனக் காசு செலவாகவில்லை.

இக்கட்டினை நெகிழிப் பையில் இட்டு, மழைநீர் புகாதவாறு வாயைக் கட்டிக் குழாய்க்குள் செலுத்த வேண்டும். குழாயின் இரு முனைகளிலும் கசக்கிய செய்தித்தாளையோ பழந்துணியையோ நன்றாகத் திணிக்க வேண்டும். குழாய் செங்குத்தாகக் கீழே விழும்போது உள்ளிருக்கும் கோல் உலக்கைபோல் பாய்ந்து மூடியைத் துளைத்துக்கொண்டு வருவதுண்டு. எனவே, முனைகளைக் கெட்டி அட்டையால் மூடி, ஒட்டுநாடாவைக் குறுக்காகவும் நெடுக்காகவும் ஒட்டுதல் வேண்டும். சுற்றிலும் மட்டும் ஒட்டினால் மூடி பிதுங்கிவிடும்.

முடிவாக ஒரு சோதனை உண்டு. குழாயைக் காதருகே வைத்துக் குலுக்கிப் பார்க்க வேண்டும். ஓசை கேட்டால் உள்ளே கோல் நகர்கிறது என்பது பொருள். முதன்முறை மெல்லிய ஓசை கேட்டது. இன்னும் கொஞ்சம் துணி வைத்தோம். பிறகு ஒவ்வொரு மாணவரும் காது வைத்துக் கேட்டு, ஓசையில்லை என்று தலையசைத்த பின்னரே முனையை மூடினோம்.

“சார், ‘மூடா பெச்சா’ என்று சிவப்பு மையால் எழுதிவிட்டால் மெதுவாகத் தூக்க மாட்டார்களா?” என்று ஒரு சிறுவன் கேட்டான். எழுதுவது நன்றே, எழுதினோம். ஆயினும், ஆயிரக்கணக்கான பொட்டலங்களுக்கிடையே விரைந்து வேலை செய்யும் ஊழியர் ஒவ்வொன்றையும் படித்துப் பார்க்க இயலாது. பொட்டலங்கள் ஓடும் பட்டைகளுக்கோ படிக்கவே தெரியாது. ஆகவே, எழுத்தை நம்பிப் பொதிவைக் குறைத்தல் கூடாது என்று விளக்கினோம். குழாய் உருண்டோடாமல் இருக்க, இரு முனைகளிலும் சதுர அட்டையை ஒட்டலாம். அந்த அட்டையின் அகலத்தையும் சேர்த்தே அளப்பர் என்பதால், அது குழாயின் குறுக்களவை மீறாதபடி நாம் அதனைத் தவிர்த்தோம்.

முகவரி எழுதுவதிலும் கவனம் வேண்டும். ஐந்து இலக்க அஞ்சல் குறியீடும் பெறுபவரின் தொலைபேசி எண்ணும் தவறாது இருத்தல் வேண்டும். முகவரித் தாளைக் குழாயின் நீளவாக்கில் ஒட்டினால் கோட்டுக் குறியீடு வளைந்து மறையாது. அதே முகவரியை மற்றொரு தாளில் எழுதிக் குழாய்க்குள்ளும் வைத்தோம். வெளித்தாள் கிழிந்துபோனாலும் பொருள் வழி தவறாது. மூடுமுன் கோலைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டோம். பழுது நேர்ந்தால் முறையிடுவதற்குப் படமும் பற்றுச்சீட்டும் வேண்டும்.

அனுப்பும் முன்னர் இரண்டு மூன்று இடங்களில் கட்டணத்தையும் நீள வரம்பையும் கேட்டறிதல் நலம். தீவகற்பத்திலிருந்து சபா, சரவாக்கிற்குக் கட்டணம் கூடுதல். கழற்ற இயலாத ஒரே துண்டுக் கோலாயின், வரம்பை மீறியதென்று மறுத்துவிடவும் கூடும். அத்தகைய கோலை, அவ்வூருக்குச் செல்லும் உறவினர் கையில் கொடுத்தனுப்புவதே சிக்கனம். சிக்கனத்திற்காக அதனை இரண்டாக அறுத்தல் அறிவுடைமை ஆகாது.

பெரியவர் முப்பது வெள்ளியைக் கொடுத்துவிட்டு, மீதிப் பணத்தை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். தென்சீனக் கடலைத் தாண்டிக் கோல் நுனி முறியாமல் போய்ச் சேர்ந்தது. பேரன் அதனை இரு கைகளிலும் ஏந்தி நிற்கும் படத்தைக் கைப்பேசியில் அனுப்பினான். பெரியவர் படத்தைப் பெரிதாக்கிப் பேரனின் முகத்தைப் பார்க்கவில்லை; கைப்பிடியைத்தான் நெடுநேரம் பார்த்தார். மகன் சுற்றிய பழைய நீலநாடா அதில் அப்படியே இருந்தது.

மாணவச் செல்வங்களே, ஊறுகாய்ப் புட்டியாயினும், சட்டமிட்ட நிழற்படமாயினும், அம்மியாயினும் முறை ஒன்றே. பொருளின் மெலிந்த இடம் எதுவெனக் காணுங்கள். அதற்குக் காவல் வையுங்கள். வீணான இடத்தை நீக்குங்கள். மூடுமுன் குலுக்கிப் பாருங்கள். நீங்கள் கற்கும் அளவையும் பெருக்கலும் வகுத்தலும் தேர்வுத் தாளோடு முடிவன அல்ல; உங்கள் வீட்டாரின் உழைப்பால் வந்த வெள்ளியையும், விலைமதிக்க இயலாத பொருள்களையும் காப்பவை.

அந்தக் கடையில் வாங்கிவந்த குழாய்களுள் மூன்று இன்னும் நம் பள்ளிப் பொருளறையில் உள்ளன. வெளியூர்ப் பிள்ளைகளுக்குக் கோலோ குடையோ நீண்ட பொருள் வேறெதுவோ அனுப்ப விரும்பும் பெற்றோர்கள் வந்து பெற்றுக்கொள்ளலாம். கணக்குப் போட்டுக் கொடுக்க ஐந்தாம் ஆண்டு மாணவர்கள் இருக்கின்றனர்.

— தலைமையாசிரியர்