லங்காவித் தீவுகளிலே ஒரு பகல்

மலேசியத் திருநாட்டின் வடமேற்குக் கோடியில், அந்தமான் கடலும் மலாக்கா நீரிணையும் ஒன்றையொன்று தழுவும் இடத்தில் லங்காவித் தீவுக்கூட்டம் அமைந்துள்ளது. தீவுகள் மொத்தம் 99 என்பர். நீர் வற்றும் வேளையில் வேறு சில திட்டுகளும் தலைகாட்டி எண்ணிக்கையை 104 ஆக்கிவிடும் என்றும் கூறுவர். 1987ஆம் ஆண்டில் வரியற்ற தீவாக அறிவிக்கப்பட்டது முதல், சாக்லெட்டும் பீங்கான் தட்டுகளும் வாங்குவதற்கென்றே அங்குச் செல்வோர் நம்மிடையே பலர் உளர். அவர்கள் அண்ணாந்து பார்க்க மறந்துவிடும் மச்சிஞ்சாங் மலையின் பாறைகளோ 50 கோடி ஆண்டுகளுக்கும் மேற்பட்ட தொன்மை வாய்ந்தவை. 2007இல், தென்கிழக்காசியாவின் முதல் யுனெஸ்கோ நிலவியல் பூங்காவாக லங்காவி ஏற்கப்பட்டது.

நாட்டின் கிழக்குக் கரை பருவமழையில் நனையும் டிசம்பர்த் திங்களில் இங்கே வெயில் காயும் என்பதால், சென்ற ஆண்டு விடுமுறைக்கு லங்காவியையே தெரிவு செய்தோம். எண்பது வயதை எட்டிய என் தாயாரும் உடன் வர இசைந்தது எங்களுக்கெல்லாம் பெருவியப்பு. ஏனெனில், அம்மாவுக்குக் கடல் ஆகாது.

1951ஆம் ஆண்டு, ஆறு வயதுச் சிறுமியாக, தம் தாயாருடன் நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் வந்திறங்கியவர் அவர். கப்பல் தளத்தில் பாய் விரித்துக் கிடந்த அப்பயணத்தில், கைக்குழந்தையாயிருந்த அவருடைய தம்பி காய்ச்சல் கண்டு இறந்தான். வெள்ளைத் துணியில் சுற்றிக் கடலில் விட்டார்களாம். துறைமுகத்தில் காத்து நின்ற என் தாத்தா, “பிள்ளை எங்கே?” என்று கேட்டதை அம்மா எங்களிடம் ஒரே ஒருமுறைதான் சொல்லியிருக்கிறார். அதன்பின் அவர் படகில் கால் வைத்ததில்லை. பினாங்குக்குக்கூட 1985இல் பாலம் திறக்கப்பட்ட பிறகே சென்றார். “தங்களுக்கு மட்டும் விமானச் சீட்டு எடுக்கட்டுமா, அம்மா?” என்று கேட்டேன். “பேரப்பிள்ளைகள் தண்ணீரில், நான் ஆகாயத்திலா? வேண்டாம் தம்பி” என்று கூறிவிட்டார். கோலகெடாவிலிருந்து சென்ற பெர்ரியில், ஏறத்தாழ ஒன்றே முக்கால் மணி நேரமும் கண்களை மூடியபடியே அமர்ந்திருந்தார்.

மறுநாட் காலை, தீவுகளைச் சுற்றிக் காட்டும் விரைவுப் படகொன்றில் பன்னிருவராக ஏறினோம். நான்கு மணி நேரத்தில் மூன்று தீவுகள் என்பது ஏற்பாடு. பந்திக்கு முந்துவது போன்ற இந்த அவசரம் எனக்கு உடன்பாடன்று. படகோட்டியான மலாய்ப் பெரியவர் எங்கள் எண்ணத்தை உணர்ந்தவர் போல, அம்மாவை “நெனெக்” என்று அன்புடன் அழைத்து, மிதவை அங்கியைத் தாமே கட்டிவிட்டு, படகை மெல்லவே செலுத்தினார்.

முதலில் கண்டது டாயாங் பூந்திங் தீவு. கருவுற்ற மங்கை என்பது அதன் பொருள். மல்லாந்து படுத்திருக்கும் கர்ப்பிணியைப் போன்றே மலைமுகடு தோன்றுகின்றது. கரையிறங்கி, தின்பண்டங்களைப் பறிக்கக் காத்திருக்கும் குரங்குகளைக் கடந்து, படிகளில் ஏறி இறங்கினால் காடு சூழ்ந்த ஏரி ஒன்று பச்சை நிறத்தில் விரிகின்றது. சுண்ணாம்புக்கல் குகையொன்றின் கூரை இடிந்து விழுந்ததால் உண்டான ஏரியாம் அது. மெல்லிய பாறைச் சுவருக்கு அப்பால் உப்புக்கடல், இப்பாலோ நன்னீர்!

அந்த ஏரிக்கு ஒரு கதை உண்டு. தேவமங்கை ஒருத்தி மானிடன் ஒருவனை மணந்து பெற்ற குழந்தை, பிறந்த சில நாள்களிலேயே இறந்துவிட்டது. அவள் அதனை இந்நீரில் கிடத்திவிட்டு விண்ணுலகம் சென்றாள். பிள்ளைப்பேறு இல்லாத பெண்கள் இந்நீரைப் பருகினால் மகப்பேறு வாய்க்கும் என்பது மக்கள் நம்பிக்கை. என் மகள் இக்கதையைப் பாட்டிக்குத் தமிழில் எடுத்துரைத்தாள். அம்மா நெடுநேரம் பேசவில்லை. பிறகு, “அந்தப் பிள்ளைக்குப் பெயர் வைத்திருந்தார்களா?” என்று கேட்டார். கதையில் அது வரவில்லை என்றாள் மகள். அப்போதுதான் அம்மா தம் தம்பியின் பெயரைச் சொன்னார். ஐம்பது வயது கடந்த நான் அதுநாள்வரை கேட்டிராத பெயர் அது. மிதவை மேடையில் அமர்ந்து, கால்களை நீரில் தொங்கவிட்டபடி, அக்குழந்தை எப்படிச் சிரிக்கும் என்பதைப் பேத்திக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். படகுக்குத் திரும்பும் நேரம் கடந்தும் எழுப்ப எனக்கு மனம் வரவில்லை.

அடுத்து, சிங்கா பெசார் தீவின் அருகே படகு நின்றது. வெண்தலையும் செம்மேனியும் கொண்ட பருந்துகள் வட்டமிட்டன. ‘ஹெலாங்’ என்பது பருந்து. ‘காவி’ என்பது செம்பழுப்பு நிறம். இவ்விரண்டும் இணைந்தே லங்காவி ஆயிற்று என்பர். நம் காவியும் ஏறத்தாழ அந்நிறந்தானே! அம்மா, “கருடன்!” என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். அருகிலிருந்த மற்றொரு படகிலிருந்து கோழித்தோலை அள்ளி வீசினார்கள். பறவைகள் நீரில் பாய்ந்து பொறுக்கின. “கருடனுக்குக் கோழித்தோலா?” என்று அம்மா முகஞ்சுளித்தார். அவர் கேட்டது பக்தியால்; இயற்கை ஆர்வலர்கள் கேட்பது வேறு காரணத்தால். மீனும் நண்டும் தேடி உண்ண வேண்டிய பறவைகள், சத்தற்ற கொழுப்புக்குப் பழகி வேட்டையை மறந்துவிடுகின்றன என்கின்றனர் அவர்கள். எங்கள் படகோட்டி எதையும் வீசவில்லை. நிழற்படம் சரியாக அமையவில்லை என்று உடன் வந்தோர் சிலர் முணுமுணுத்தனர். அமையாவிட்டால் என்ன?

இறுதியாக பெராஸ் பாசா, அதாவது நனைந்த அரிசித் தீவு. லங்காவியின் பாடாங் மாட்சிராட்டில் எரிந்த அரிசியும் உண்டு. 1821இல் சயாமியர் படையெடுத்தபோது, பகைவர் கையில் சிக்கக்கூடாதென்று ஊரார் தம் நெற்களஞ்சியத்துக்குத் தாமே தீ மூட்டினராம். எரிந்த அரிசியைக் கண்ட பிள்ளைகள் நனைந்த அரிசியையும் தேடி வெண்மணலைக் கிளறினார்கள். கிடைத்தவை சிப்பிகளே.

அம்மா மேற்குத் திசை நோக்கி நின்றிருந்தார். “அந்தமான் எந்தப் பக்கம், தம்பி?” என்றார். காட்டினேன். புடவையைச் சற்றே உயர்த்திப் பிடித்து, பேத்தியின் தோளைப் பற்றியபடி, முழங்கால் அளவு நீர்வரை தாமே நடந்து சென்றார். படகோட்டி சீழ்க்கையடித்து அனைவரையும் அழைத்தார். அம்மாவைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். ஏறியிருந்தவர்களும் ஏதும் கேளாமல் காத்திருந்தனர். ஐந்து நிமிடங்களுக்குப் பின் அம்மா கரையேறி, புடவையின் ஈர ஓரத்தைப் பிழிந்துவிட்டு, எவர் கையையும் பற்றாமல் படகில் ஏறி முன்வரிசையில் அமர்ந்தார்.