மூட்டை தூக்கிய தோள்

விருத்தாசலம் ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் எங்கள் பெரிய மாமா மூட்டை தூக்கினார். கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து முதல் பஸ் பிடித்துப் போவார். துண்டைச் சுருட்டிப் பிடரியில் வைத்து, 75 கிலோ நெல் மூட்டையை அதன்மேல் ஏற்றி, லாரிக்குச் சாய்த்த பலகையில் முழங்கால் நடுங்காமல் ஏறிப் போவார். அவர் ஒரு நாளில் தூக்கிய பாரத்தை ஜிம் கணக்கில் எழுதினால் டன்னில் வரும். ஆனாலும் விலா எலும்பை எண்ணிவிடலாம். இவ்வளவு தூக்கியும் உடம்பு ஏன் ஏறவில்லை என்று சின்ன வயதில் யோசித்திருக்கிறேன். யாரிடமும் கேட்கவில்லை.

அந்தக் கேள்வியைத் திரும்பக் கொண்டுவந்தவன் தம்பி மகன். தகரக் கொட்டகை ஜிம் ஒன்றில் சேர்ந்திருந்தான். “பெரியப்பா, பவுடர் குடிக்காம உடம்பு ஏறாதாம். ஒரு டப்பா வாங்கிக் குடுங்க” என்றான்.

டப்பாவில் இருப்பது பாலின் மிச்சம்தான். வீட்டில் பன்னீர் கட்டும்போது துணிக்குக் கீழே இளம்பச்சையாக வடிகிற தண்ணீர் இருக்கிறதே, சீஸ் ஆலைகளில் அதேபோல வடிவதை வடிகட்டி உலர்த்தினால் வே புரோட்டீன். ஒரு கரண்டி, 30 கிராம் போட்டால் சுமார் 24 கிராம் புரதம் கிடைக்கும். நல்ல சரக்கு என்றால் அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. நான்கு முட்டையிலும் அவ்வளவு இருக்கிறது. 100 கிராம் மல்லாட்டைப் பயறில், அதாவது நிலக்கடலையில், 25 கிராம்; கொழுப்பும் கூடவே வருவதால் அதை மட்டும் தின்று வயிற்றை நிரப்ப முடியாது. வி.ஆர்.ஐ. என்று பெயர் வைத்து மல்லாட்டை ரகங்களை வெளியிடும் ஆராய்ச்சி நிலையம் விருத்தாசலத்திலேயே இருக்கிறது. அந்த ஊர்ப் பக்கத்துப் பிள்ளை புரதத்துக்கு டப்பா ஒன்றே கதி என்று நம்புவது எனக்கு வருத்தமாக இருந்தது.

1952 மிஸ்டர் யுனிவர்ஸ் போட்டியில் தன் பிரிவில் வென்ற மனோகர் ஐச் பற்றி அவனிடம் சொன்னேன். வங்காளத்துக்காரர், ஐந்தடிக்கும் குறைந்த உயரம், வெள்ளைக்காரன் சிறையில் பாரம் தூக்கிப் பழகியவர், 104 வயது வரை வாழ்ந்தவர். தன் பலத்துக்குக் காரணமாக அவர் சொன்னவற்றில் பழைய சோறும் உண்டு. “அப்போ பழைய சோறே போதுமா?” என்றான்.

போதாது. மாமாவும் பழைய சோறுதான் குடித்தார். ஐச்சின் சாப்பாட்டில் பருப்பும் மீனும் பாலும் சேர்ந்திருந்தன. மாமாவுக்கு வெங்காயமும் மோர்மிளகாயும். மத்தியானக் குழம்பில் பருப்பைத் தேட வேண்டும். பாரம் தூக்கும்போது தசை நார்கள் நைந்துபோகின்றன. அவை தடித்து வளர்வது சாப்பிட்டுத் தூங்கும்போது. எங்கள் பக்கத்துச் செராமிக் பட்டறைகளில் அச்சிலிருந்து எடுத்த பொம்மையை ஈரம் காயாமல் சூளையில் வைக்க மாட்டார்கள், வெடித்துவிடும். மாமாவின் உடம்புக்கு அந்த ஓய்வு கிடைக்கவே இல்லை. விடிந்தால் மறுபடியும் மூட்டை.

சுமை தூக்குகிறவர்களின் மத்தியானச் சாப்பாட்டில் இரண்டு முட்டை இருந்தாக வேண்டும். சத்துணவில் 1989லேயே முட்டை சேர்த்த மாநிலம் இது. விற்பனைக்கூடம் நடத்துபவர்கள் நினைத்தால் முடியாததில்லை.

இளைஞர்கள் கணக்குக்கு வருகிறேன். நம் நாட்டு ஊட்டச்சத்துப் பரிந்துரைப்படி கிலோவுக்கு 0.83 கிராம், அதாவது 60 கிலோ ஆளுக்கு நாளொன்றுக்கு 50 கிராம் புரதம். எடைப் பயிற்சி செய்பவருக்கும் கிலோவுக்கு 1.6 கிராமைத் தாண்டினால் கூடுதல் பலன் இல்லை என்று ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2024 வழிகாட்டுதல் சொல்கிறது. பவுடர் வேண்டாம் என்றும் சொல்கிறது. இரண்டு வேளை பருப்பு, முட்டை, சுண்டல், தயிர், வாரத்தில் சில நாள் மீன் என்றிருந்தால் அந்த அளவைச் சாப்பாட்டிலேயே நெருங்கிவிடலாம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் இந்த அளவுக்கு ஏற்றக் கூடாது.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “சரி பெரியப்பா, முட்டையே சாப்பிடறேன். காலேஜுக்கு அஞ்சரை பஸ் பிடிக்கிற நாள்ல மட்டும் ஒரு கரண்டி பால்ல கலக்கிக்கறேன்” என்றான். அது நியாயமாகப் பட்டது. உரிம எண்ணும் காலாவதித் தேதியும் பார்த்து, சின்ன டப்பாவாக ஒன்று வாங்கிக் கொடுத்தேன்.