விசேஷம் ஏதாவது உண்டா?

இந்த வாரம் வேர்க்கடலை பத்தி எழுதறதா சொல்லியிருந்தேன். அது அடுத்த பதிவுல. இப்போ என் தம்பி மகளைப் பத்தி எழுதப் போறேன். அவகிட்ட கேட்டுட்டுத்தான் எழுதறேன். "பேரு மட்டும் போடாதீங்க பெரியப்பா, நாலு பேரு படிக்கட்டும்"னு சொன்னா.

கல்யாணமாகி ஆறு வருஷம். மாப்பிள்ளைக்கு ஒரகடத்துல ஷிப்ட் வேலை. மண்ணூர்ல அவளை யார் பார்த்தாலும் முதல் கேள்வி "விசேஷம் ஏதாவது உண்டா?"தான். கேக்கறவங்க கெட்டவங்க இல்ல, ஏரியில தண்ணி வந்துச்சான்னு கேக்கற மாதிரி கேக்கறாங்க. ஆனா அவ ஒரு நாளைக்கு நாலு தடவை பதில் சொல்லணும். வளைகாப்புக்கு அவளைக் கூப்பிடலாமா வேண்டாமான்னு சொந்தக்காரங்க குசுகுசுன்னு பேசறதும் அவ காதுல விழும்.

போன வருஷம் ஐவிஎஃப் சிகிச்சை ஆரம்பிச்சாங்க. பத்துப் பன்னிரண்டு நாள் தினமும் வயித்துல ஊசி, அதுவும் நேரம் தவறாம. நடுவுல ஸ்கேன், ரத்தப் பரிசோதனை. அப்புறம் மயக்க மருந்து கொடுத்து கருமுட்டை எடுக்கறாங்க. லேப்ல கரு வளர்த்து, மூணு நாளோ அஞ்சு நாளோ கழிச்சு கர்ப்பப்பையில வைக்கறாங்க. மாப்பிள்ளை செகண்ட் ஷிப்ட்ல இருந்தா பக்கத்துத் தெரு நர்ஸ் பொண்ணுதான் வந்து ஊசி போடும். கம்பெனியில லீவு கேட்டா காரணம் சொல்லணும். 'காய்ச்சல்'னு சொல்லியே அவர் லீவெல்லாம் தீர்ந்துச்சு.

கரு வச்ச பிறகு ரெண்டு வாரம் காத்திருந்து ரத்தப் பரிசோதனை. "ஊசி, ஸ்கேன்னு ஓடறப்ப ஏதோ செய்யறோம்னு இருந்துச்சு பெரியப்பா. இப்ப செய்ய ஒண்ணுமே இல்ல"ன்னு சொன்னா. வயிறு வலிச்சாலும் பயம், வலிக்கலன்னாலும் பயம். அந்தத் தடவை கரு தங்கல. படி ஏறினியா, துணி துவைச்சியான்னு ஊரே விசாரிச்சுது. படுத்தே கிடக்க வேணாம், நடந்ததால கரு போகாதுன்னு டாக்டர் முன்னாடியே தெளிவா சொல்லியிருந்தாங்க.

பொம்பளைய நிலம்னு சொல்லிப் பழகிட்டோம். குழந்தை இல்லன்னா தரிசுன்னுடறோம். நான் விவசாயி, நான் சொல்றேன். முளைக்கலன்னா நாங்க விதையையும்தான் சோதிப்போம். நூறு விதையை ஈரச் சாக்குல சுருட்டி வச்சு, எத்தனை முளைக்குதுன்னு எண்ணுவோம். குழந்தையில்லாத தம்பதிகள்ல ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஆண் பக்கமும் காரணம் இருக்குன்னு டாக்டர்கள் சொல்றாங்க. எங்க மாப்பிள்ளை தானே முன்வந்து முதல்ல டெஸ்ட் எடுத்துக்கிட்டார். அந்த வீட்ல சண்டை இல்லாம இருக்கறதுக்குப் பாதிக் காரணம் அதுதான்.

உலகத்துல ஆறு பேர்ல ஒருத்தருக்கு வாழ்நாள்ல எப்பவாவது இந்தப் பிரச்சினை வருதுன்னு உலக சுகாதார நிறுவனம் 2023-ல சொல்லியிருக்கு. சென்னை எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனையில 2024-ல கருத்தரிப்பு மையம் திறந்திருக்காங்க. தனியார்ல நகையை வித்துக் கட்ற குடும்பங்களுக்கு இது பெரிய விஷயம். 2021-ல வந்த சட்டப்படி, ஐவிஎஃப் மையங்கள் தம்பதிக்கு ஆலோசனையும் கொடுக்கணும். கூச்சப்படாம கேட்டு வாங்குங்க. ஊசி உடம்புக்கு, மனசுக்கும் யாராவது வேணும்.

உடனே அடுத்த தடவை பார்க்கணும்னு சம்பந்தி வீட்ல அவசரப்பட்டாங்க. இவங்க ரெண்டு பேரும் பேசி, ஆறு மாசம் நிறுத்தி வைக்கறதா முடிவு பண்ணிட்டாங்க. "அது அவங்க உடம்பு, அவங்க பணம், அவங்க முடிவு"ன்னு நானும் தம்பியும் போய்ப் பேசிட்டு வந்தோம். இப்ப அவ தையல் மிஷின் வாங்கியிருக்கா. ராத்திரி தூக்கம் வருதுன்னு சொல்றா. அதுவே எனக்கு நல்ல சேதி.

உங்க வீட்லயும் இப்படி ஒருத்தர் இருக்கலாம். விசேஷம் உண்டான்னு கேக்காதீங்க. ஸ்கேனுக்குத் துணைக்கு வரட்டுமான்னு கேளுங்க. வேணாம்னு சொன்னா, ஒரு வேளை சோறு கட்டிக் கொடுத்துட்டு வந்துடுங்க.